வலிக்கிற இடத்தையே தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி நெருங்க நெருங்க பரதநாட்டிய வகுப்புகளில் ஒத்திகை நீளும். வீடுகளில் தைல பாட்டில் காலியாகும். பிள்ளை கால் வலி என்றதும் வலிக்கிற இடத்திலேயே சூடு பறக்கத் தேய்த்துவிடுகிறோம். ஆடுகிற கால்களில் பெரும்பாலும் வலிப்பது ஓரிடம், இறுகிக் கிடக்கும் சதை வேறிடம்.

பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியையே எடுத்துக்கொள்வோம். கெண்டைக்காலில் உருண்டு தெரியும் மேல்சதை முட்டிக்கு மேலே, தொடை எலும்பிலிருந்து தொடங்குகிறது. முட்டி மடங்கியதும் அது தளர்ந்துவிடும். அந்த நிலையில் பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவின் உழைப்பு அதற்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் சோலியஸ் தசைமீது விழுகிறது. காலை நீட்டிப் போட்டு மேலாக உருவிவிட்டால் அழுத்தம் அதுவரை போய்ச் சேர்வதில்லை.

தரையில் உட்கார்ந்து முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள். கெண்டைச்சதையின் உருண்டை முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமிருந்தும் கட்டைவிரல்களால் உள்நோக்கி அழுத்துங்கள். பிடியை விடாமல், குதிகால் தரையிலேயே இருக்க, முன்பாதத்தை மெதுவாக 8 முதல் 10 தடவை தூக்கி இறக்குங்கள். பிறகு இரண்டு விரற்கடை கீழே நகருங்கள். குதிகாலுக்கு நான்கு விரற்கடை மேலேயே நிறுத்திவிட வேண்டும்; அதற்குக் கீழே இருப்பது தசைநாண், அதை நசுக்கக் கூடாது. ஒரு காலுக்கு 2 நிமிடம் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அழுத்தம் அதிகம். சதை தளர்வதற்குப் பதில் எதிர்த்து இறுகும். எண்ணெய் நாலு சொட்டு போதும். நிறைய ஊற்றினால் விரல் வழுக்குமே தவிர சதை பிடிபடாது. உள்ளங்காலில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஆடப்போகாதீர்கள்.

முட்டி வலிக்கு முட்டிச்சில்லைத் தேய்த்துப் பயனில்லை. தொடையின் முன்பக்கத்தில் சப்பாத்திக்கட்டையை உருட்டலாம், சில்லுக்கு நான்கு விரற்கடை மேலிருந்து இடுப்பை நோக்கி. பிட்டத்தின் வெளிப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்வது இன்னும் முக்கியம். இடுப்பு திரும்பாதபோதுதான் பலர் பாதத்தை மட்டும் வலிந்து திருப்புகிறார்கள். அந்த முறுக்கு முட்டியில் வந்து நிற்கிறது. பந்தை அழுத்தும்போது கால்வழியே மின்சாரம்போல் இறங்கினாலோ மரத்துப்போனாலோ அது நரம்பு. உடனே பந்தை நகர்த்துங்கள்.

ஆடுவதற்கு முன் ஒவ்வொரு சதையையும் 30 விநாடி வேகமாகத் தேய்த்தால் போதும். ஆழமாக அழுத்துவதெல்லாம் ஆடி முடித்த பிறகு. அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவில் பலமாகப் பிடித்துவிட்டால், மறுநாள் காலையில் அடிபட்டதுபோல் வலிக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது முட்டிக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அதிக உழைப்பால் வந்த அழற்சிதான். விரல்நுனி அளவுக்கு ஒரே புள்ளியில் சுளீர் என்றால், ஒற்றைக்காலில் குதிக்கும்போது அதே இடம் வலித்தால், இரவிலும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அங்கே கை வைக்காமல் ஆட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதுண்டு, அதை நம்பிச் சலங்கை கட்ட வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் பிடித்துவிடக் கூடாது. ரத்தக்கட்டி இருக்கக்கூடும், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நடன ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரானைட் தரையில் மணிக்கணக்காகத் தட்டவைத்தால் எந்தப் பந்தும் ஈடுகொடுக்காது. மரத்தளம் போட வசதியில்லாத இடங்களில் தட்டடவு ஒத்திகையின் நேரத்தையாவது குறையுங்கள். வகுப்பின் கடைசி 10 நிமிடத்தைக் கால்களுக்கு விடுங்கள்; ஒரு கூடையில் ஆளுக்கொரு பழைய டென்னிஸ் பந்து கிடந்தால் போதும்.

– இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
சென்னை