ஊசியோடு பிடிபட்டவன் பிறகு என்ன ஆகிறான்?

ஆசிரியருக்கு,

போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பிடிபட்ட செய்தி கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் அடிக்கடி வருகிறது. மாத்திரை எத்தனை, கைது எத்தனை என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியும் பரவுமே, அதை யார் கேட்பது?

திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிஞ்சு கேட்பவனிடம் நான் புத்தி சொன்னால், அடுத்த கடைக்குப் போய்விடுவான். கை வீங்கிச் சீழ் வைத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக அஞ்சுவான். அதே பழக்கத்தில் உழன்றவர் சொன்னால்தான் காது கொடுப்பான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் அத்தகையவர்களே புது ஊசி கொடுத்துப் பழையதைத் திரும்பப் பெறுகிறார்கள். இது குற்றமாகாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. காவல் நிலையந்தோறும் அதன் தமிழ் நகலை ஒட்டினால் நல்லது.

போதை ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெநார்பின் என்ற மாற்று மருந்தும் உண்டு. ஆனால் அதை வாங்கப் பெரும்பாலும் தினமும் நேரில் வரவேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் பனியன் கம்பெனித் தொழிலாளி, காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு எப்படி வருவான்? இரவிலும் மருந்து தரும் மையத்தை மாவட்ட நிர்வாகம் திறக்கட்டும். எந்த இடத்தில் என்பதை அந்தப் பழக்கத்தில் இருப்பவர்களிடமே கேட்கட்டும்.

ஒரு வாசகர், திருப்பூர்