வெளியூர் வேலைக்குப் போனவர்களும் கணக்கில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புற வளர்ச்சிக்கான கொள்கை ஆய்வுகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் விடுபட்டுப்போன, ஆண்டில் சில மாதங்கள் வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்களைப் பற்றி, பெங்களூரில் நெடுங்காலமாக வாழும் தமிழன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

கர்நாடகத்தின் வட்டார ஏற்றத்தாழ்வுகளை ஆராய 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நஞ்சுண்டப்பா குழு, 35 குறியீடுகளைக் கொண்டு 175 தாலுகாக்களையும் அளந்து, அவற்றுள் 114 பின்தங்கியவை என்றும், அவற்றிலும் 39 மிகவும் பின்தங்கியவை என்றும் 2002-இல் அறிக்கை அளித்தது. மாவட்டச் சராசரியில் மறைந்துபோகும் வறுமையைத் தாலுகா வாரியாக வெளிக்கொணர்ந்து, எட்டு ஆண்டுகளில் 31,000 கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்று தொகையோடு சொன்ன அந்த அறிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், அதே ஏற்றத்தாழ்வை ஆராய 2024-இல் பொருளாதார அறிஞர் கோவிந்த ராவ் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைக்க வேண்டியிருந்தது.

கிருஷ்ணராஜபுரத்தில் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. அதன் பின்புறத் தகரக் கொட்டகைகளில் வட கர்நாடகத்தின் ராய்ச்சூர், யாதகிரி பக்கத்துக் குடும்பங்களும், தருமபுரி மாவட்டத்தின் அரூர், பென்னாகரம் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அருகருகே தங்கியிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, முதல் மழைக்கு ஊர் திரும்புபவர்கள் இவர்கள். பிள்ளைகளில் பெரியவர்கள் ஊரில் பாட்டியிடம் இருக்க, கைக்குழந்தைகள் மணல் குவியலருகே புடவைத் தொட்டிலில் தூங்குகின்றன. ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுப்பவர் வரும்போது இவர்கள் வீடு பூட்டியிருக்கும். நகரத்தில் எடுக்கப்படும் கணக்கிலோ கொட்டகைக்குக் கதவு எண்ணே கிடையாது.

தேசிய மாதிரி ஆய்வு 2007-08-இல், வேலைக்காக ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வெளியூரில் தங்கியவர்களைத் தனியாகக் கேட்டறிந்தது. பயனுள்ள கேள்விதான், ஆனால் சில வீடுகளை மட்டும் தேர்ந்து கேட்கும் மாதிரி ஆய்வைக் கொண்டு ஒரு தாலுகாவின் நிலையைச் சொல்ல முடியாது. 2011-க்குப் பிறகு நடக்கவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, பனிப்பொழிவுள்ள பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1 குறிப்புநாளாக, அதாவது எந்த நாளின் நிலவரப்படி மக்கள் எண்ணப்படுவார்களோ அந்த நாளாக, அறிவிக்கப்பட்டுள்ளது. மானாவாரி நிலத்தை நம்பிய இந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் ஊரில் இல்லாத காலம் அது.

ஆகவே, தாலுகா அளவிலான எந்த ஆய்வும், ஒரு குடும்பத்திலிருந்து யார், எந்த மாதங்களில், எவ்வளவு முன்பணத்துக்கு, எந்த ஊருக்கு வேலைக்குச் சென்றார் என்பதையும், அந்த மாதங்களில் பிள்ளைகளின் படிப்பு என்னவாயிற்று என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். வருமானம் நகரத்திலிருந்து வரும்போது அதைக் கிராமத்தின் வளர்ச்சியாக எழுதிவிட்டால், அங்கே பாசனமோ உள்ளூர் வேலையோ ஏற்படவில்லை என்ற உண்மை மறைந்துவிடும். தருமபுரியும் ராய்ச்சூரும் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தாலும் ஆட்கள் வந்து சேரும் இடம் ஒன்றே என்பதால், இரு அரசுகளின் திட்டக் குழுக்களும் இந்தக் கணக்கைச் சேர்ந்தே எடுப்பது நல்லது. அதன் முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு, அந்தந்தக் கிராம சபையில், வெளியூர் சென்றவர்கள் திரும்பியிருக்கும் மாதத்தில், படித்துக் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கிருஷ்ணராஜபுரம், பெங்களூரு.