ஊசிக்களாவை அடையாளம் காட்டியவர்களுக்கு

வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் 30 வருடம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போன பிறகு, பண்ருட்டிப் பக்கம் விழுந்து கிடந்த பலாவையும் முந்திரியையும் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். விழுந்ததை எண்ணி எண்ணி மனசு விட்டுப்போன ஆளைப் போன வருடம் 6 இளைஞர்கள் வந்து, “நிற்கிறதை எண்ணலாம், வாங்க சார்” என்று கூப்பிட்டார்கள். நீலகிரியில் சோலையோரங்களில் தானாக வளரும் ஊசிக்களாப் புதர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்து ஒரு வரைபடம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை. 3 பயணம் போனோம். வரைபடமும் ஒருவழியாக முடிந்தது. அதன் மூலையில் எங்கள் 7 பேர் பெயர் மட்டும் இருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நம் ஊர்க்காரர்களுக்குக் களாக்காய் தெரியும், ஊறுகாய் போடுவோம். ஊசிக்களா அந்தக் குடும்பம் இல்லை. முள்ளும் கருநீலப் பழமும் பார்த்து யாரோ அப்படிப் பெயர் வைத்திருக்க வேண்டும்.

முதல் நன்றி, மலையேறும் முன்பே கிடைத்த உதவிக்கு. புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகளின் பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. அங்கே எங்களுக்குத் தாள்களை எடுத்துக் காட்டிய அம்மா, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தித்தான் ஒவ்வொன்றையும் மேசையில் வைத்தார். பெர்பெரிஸ் டிங்டோரியா, அதாவது நம் ஊசிக்களா என்றால் தனித்தனி இலை, கணுவில் மூன்றாகப் பிரிந்த முள். அதைப் போலவே தோன்றும் மஹோனியா என்ற இன்னொரு புதர் என்றால் கூட்டிலை, இலை விளிம்பில்தான் முள், தண்டில் கிடையாது. இரண்டுக்கும் பூ மஞ்சள், பழமும் ஏறக்குறைய ஒரே நிறம். இந்த வித்தியாசம் புரியாமல் போயிருந்தால் எங்கள் கணக்கு சந்தி சிரித்திருக்கும்.

டிங்டோரியா என்றால் சாயத்துக்கு ஆகிறது என்று பொருளாம். அந்தப் பெயரை வைத்த லெஷனோ, 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1819-இல் நீலகிரிக்குப் போனார். ஆக, செடி தேடி இங்கிருந்து அங்கே கிளம்பியவர்களில் நாங்கள் முதல் ஆள் இல்லை. அவர் உடம்பு முடியாமல் ஏறி, குளிர்ந்த காற்றில் தேறி இறங்கினார் என்பார்கள். நாங்கள் நன்றாக ஏறி, சளியோடு இறங்கினோம்.

அடுத்து, அனுமதி தந்த வனத்துறை அலுவலர்களுக்கும், எங்களோடு கூட நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிக்கும். முதல் நாள் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிர்ச் சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. முள்ளும் இருந்தது. “ஆகா” என்று 5 புள்ளிகளைக் குறித்துவிட்டேன். சின்னவர்கள் தயங்கினார்கள், நான்தான் அனுபவஸ்தன் தோரணையில் அடித்துப் பேசினேன். தம்பி சாயங்காலம் வரை பொறுத்திருந்து, “ஐயா, அது நம்ம செடி இல்லீங்க. பூவைக் கிட்டப் போய்ப் பாருங்க, பட்டாணிப் பூ மாதிரி இருக்கும்” என்றார். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து மலையில் பரவிவிட்ட கோர்ஸ் புதர் அது. புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிற களை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி 5 புள்ளிகளையும் அழித்தேன்.

மறுநாள் அவர் உண்மையான ஊசிக்களாவிடம் கூட்டிப் போனார். காய்ந்த குச்சி ஒன்றின் பட்டையைக் கத்தியால் சுரண்டினார். உள்ளே அரைத்து வைத்த மஞ்சள் மாதிரி கட்டை. “இந்த மஞ்சள் இருந்தாத்தான் அது” என்றார். பெர்பெரின் என்கிற பொருள்தான் அந்த நிறம். அப்புறம் ஒரு புல்லை ஒடித்து, விரிந்த பூவுக்குள் மகரந்தக் காம்பின் அடியில் லேசாகத் தொட்டார். காம்பு சடக்கென்று உள்பக்கம் மடங்கியது. பூச்சியின் மேல் மகரந்தத்தை அப்பிவிடும் ஏற்பாடு. அன்றைக்கு அரைமணி நேரம் யாரும் எதையும் எண்ணவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு படகர் ஊரில் எங்களுக்குக் கிடைத்த பாட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஊசிக்களா அவர் வாயில் ஜக்கலா. நாங்கள் காகிதத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நடந்து தேடினோம். அவர் வாசலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, அந்த மேட்டில் 2, ஓடைக்கு அந்தப் பக்கம் வேலியாக ஒரு வரிசை என்று சொன்னார். போய்ப் பார்த்தால் சரியாக இருந்தது. சாம்பல் பூத்த பழங்களை முந்தானையில் பறித்துப் போட்டு, “தின்னுங்க, நாக்குக் கறுக்கும்” என்றார். புளித்தது, கறுக்கவும் செய்தது.

ஆனால் அவர் காட்டியதில் பாதி இடம் இல்லாத இடம். “இங்கே இருந்துச்சு. இப்போ தேயிலை. அங்கேயும் இருந்துச்சு, ரோடு போட்டாங்க.” இளைஞர்களுக்கு அதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நில அளவையில் வரையும் புலப்படத்தில் எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லையென்றால் பேசாமல் விட்டுவிட மாட்டோம், “கல் காணவில்லை” என்று எழுதுவோம். அதே மாதிரி வெறும் வட்டம் போட்டோம். இன்று அந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்த வெறும் வட்டங்கள்தான். செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு தேடினாலும் அவை கிடைக்காது.

கோதுமை ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குன்னூரில் எங்களுக்குக் காபி கொடுத்து ஒரு பயத்தையும் கொடுத்தார். கோதுமைத் தண்டில் வரும் கறுப்புத் துருப் பூசணம், குளிர்நாடுகளில் தன் வாழ்க்கையில் ஒரு பகுதியை இந்த இனப் புதர்களில்தான் கழிக்கிறது. அதனால் அமெரிக்காவில் 1918-இல் தொடங்கி அந்தப் புதர்களை வேரோடு பிடுங்கினார்களாம். எங்கள் வரைபடத்தைப் பார்த்து யாராவது மண்வெட்டியோடு கிளம்பிவிட்டால்? பெரியவர் சிரித்தார். இந்தியாவில் துரு வருடா வருடம் திரும்பி வருவதற்கு இந்தப் புதர் காரணம் இல்லை, நீலகிரி, பழனி மலைகளில் பருவம் தப்பி நிற்கும் கோதுமையிலேயே அது தங்கிவிடுகிறது என்று பயிர் நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா எப்போதோ கண்டுபிடித்துவிட்டார் என்று விளக்கினார். நிம்மதியாக இரண்டாவது காபி குடித்தேன்.

மருந்துக்கு வேர் எடுக்கத் தோண்டுகிறவர்களைப் பற்றி அவருக்கும் கவலை உண்டு, எனக்கும் உண்டு. அதனால்தான் நாங்கள் துல்லியமான புள்ளிகளை வெளியில் தரவில்லை, பெரிய கட்டங்களாக மட்டும் காட்டியிருக்கிறோம். ஓரிருவர் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படட்டும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. மரமஞ்சள் என்று எங்கள் குச்சியை நீட்டியதும், தன் பெட்டியிலிருந்து சக்கரம் மாதிரி குறுக்கு வெட்டு உள்ள கட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் வைத்ததுதான் மரமஞ்சள், அது கொடி; நம்முடையது புதர். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் பெர்பெரின். வடக்கே இந்தப் புதரின் உறவுக்காரச் செடிதான் அந்த இடத்தில் விற்கிறது என்றார்.

அட்டை கடிக்கு உப்புப் பொட்டலம் தந்த தேயிலைத் தோட்டத்து அக்காமார்களுக்கும், மூன்று பயணமும் வண்டி ஓட்டிய நெல்லிக்குப்பம் தம்பிக்கும் நன்றி. சோலைக்குள் போனதும் போனில் இடம் காட்டும் புள்ளி தவளை மாதிரி தாவியபோது, டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். கடைசிப் பயணத்தில் எங்களுக்கு முன்னால் முள்ளை அடையாளம் கண்டதும் அவரே.

பாட்டி, மழை என்று நீங்கள் கொடுத்த கறுப்புக் குடை இன்னும் மகள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மே மாதம் வரைபடப் பிரதியை எடுத்துக்கொண்டு வரும்போது கொண்டுவருகிறேன். உங்கள் பேத்தி தமிழில் படித்துக் காட்டட்டும். வட்டம் ஏதாவது இடம் மாறியிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நில அளவையர்,
புதுச்சேரி