மனநலச் சிகிச்சையில் இருப்பவரிடம் தவணை கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழுக் கடன் வசூல் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. மிரட்டல், வாசலில் வந்து உட்காருதல், அப்புறம் ஒரு சாவு. சாவு விழுந்த பிறகுதான் செய்தியாகிறது என்பது வேறு விஷயம். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. கடன் வாங்கியவர் மனநிலை குலைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களில் அவருடைய தவணையை என்ன செய்வது? இதற்கு நம் ஊரில் இன்னும் நேரான பதில் இல்லை.

நான் பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடிப் பக்கத்துக்காரி. எஸ்டேட் லைன் வீடுகளும் சிறு தேயிலைத் தோட்டங்களும் கலந்த பகுதி. பல வருடங்களாக மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். இங்கே இரண்டு வகைக் குழு உண்டு. ஒன்று அரசுத் திட்டத்தில் வரும் சுய உதவிக் குழு. மற்றது தனியார் நிதி நிறுவனங்கள் சேர்க்கும் குழு. இரண்டாவதில் தவணை வசூலிக்கும் சென்டர் மீட்டிங்குக்கு நேரத்துக்குப் போக வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். பச்சைத் தேயிலை விலை இறங்கினாலும் மழையில் வேலை நாள் குறைந்தாலும் தவணை மட்டும் குறையாது. இரண்டு வகையிலும் கடன் இல்லாத வீடு இந்தப் பக்கம் அபூர்வம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போயிற்று. குழந்தையைத் தூக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள். முதலில் மந்திரித்துப் பார்த்தார்கள், அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசவத்தை ஒட்டி வரும் இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அவளும் தேறிவிட்டாள். ஆனால் அவள் உள்ளே இருந்தபோது, மீட்டிங்குக்கு வரவில்லை என்று கலெக்‌ஷன் பையன் வீட்டுக்கே வந்துவிட்டான். மாமியார் விஷயத்தைச் சொன்னார். "நான் என்னம்மா பண்றது, கட்டினாங்க, கட்டலன்னு ரெண்டுதான் நான் எழுத முடியும்" என்றான். கெட்ட பையன் இல்லை, அவனுக்கும் மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார். குழுப் பெண்கள் சில தவணைகளைத் தங்கள் கூலியிலிருந்து போட்டார்கள். பிறகு அவர்களாலும் முடியவில்லை. மாத்திரைப் பையோடு வீடு திரும்பிய பெண் முதலில் பார்த்தது அக்கம்பக்கத்தின் கடுகடுப்பைத்தான். அடுத்து அவள் செய்த வேலை, குழந்தைக்குப் போட்ட மோதிரத்தை அடகுக் கடைக்கு அனுப்பியது.

என் அக்கா மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே உள்ள ஏற்பாட்டைச் சொன்னாள். 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கிறதாம். சாதாரணமாகக் கடன் சமாளிக்க முடியாதவருக்கு 60 நாள் அவகாசம். மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவருக்கு அப்படி நாள் கணக்கு கிடையாது. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாளும், அது முடிந்த பிறகு இன்னும் 30 நாளும் அவகாசம் உண்டு. அதுவரை அதில் சேர்ந்த கடன்களுக்கு வட்டியோ அபராதமோ ஏறாது, வசூலுக்கு ஆள் வரக் கூடாது. நோயாளியே போய் நிற்க வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவரோ நர்ஸோ அவருக்காக விண்ணப்பிக்கலாம். சில வகைக் கடன்களை இதில் சேர்க்க முடியாது. கடன் தள்ளுபடியும் ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தள்ளுபடி என்ற பேச்சு வந்தாலே நம் ஊரில் டீக்கடை வரை சண்டை வரும். நான் கேட்பது தள்ளிவைப்பது மட்டும்தான்.

தள்ளிவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்னது; வட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவகாசம் தருகிறோம் என்று சொல்லி வட்டியை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கு நோட்டு எழுதுகிற எல்லோரும் அப்போது பார்த்தோம். பேரிடர் வந்த பகுதிகளில் கடனை மாற்றியமைக்கவும் ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. ஊரே படுத்தால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது, ஒருத்தி மட்டும் படுத்தால் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்று ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய், இவற்றைத் தாண்டாதவருக்கு 180 நாள் வசூல் நிறுத்தம். அந்தப் பகுதியை இன்னும் நடைமுறைக்கே கொண்டு வரவில்லை. கொண்டு வந்தாலும் 35,000 ரூபாயை இன்றைக்கு ஒரு குழு லோனே தாண்டிவிடும்.

மாநில அரசு 2025இல் கொண்டு வந்த வலுக்கட்டாய வசூல் தடுப்புச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றால் கொஞ்சமாவது பயம் இருக்கும். ஆனால் அது எப்படிக் கேட்கக் கூடாது என்பதைச் சொல்கிறது. எப்போது கேட்கவே கூடாது என்பதைச் சொல்லும் சட்டம்தான் இப்போது வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகி வரும் அன்றே தவணை கேட்டு ஆள் நின்றால் எந்தச் சிகிச்சை நிற்கும்?

சரி, இங்கிலாந்துச் சட்டத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் போதுமா என்றால் போதாது. அங்கே கடனுக்கு ஜாமீன் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் குழுக் கடனில் எல்லோரும் எல்லோருக்கும் ஜாமீன். ஒருத்திக்கு அவகாசம் என்றால் அடுத்த நிமிடமே மற்றவர்களைப் பிடிப்பார்கள். அவர்கள் போய் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். வெளியாள் வசூலுக்கு வந்தால் தகராறு செய்யலாம், தண்ணீர்க் குழாயில் தினமும் பார்க்கிற பெண்ணிடம் என்ன செய்வது? ஆகவே ஒருவர் தவணை நிறுத்தப்பட்டால் அந்தத் தவணையைக் குழுவிடமும் கேட்கக் கூடாது, குழுவின் அடுத்த லோனை அதற்காக நிறுத்தவும் கூடாது என்று எழுதினால்தான் மலையிலும் தரையிலும் உள்ள பெண்களுக்குப் பயன்.

இன்னொன்று, யார் சான்று தருவது? அங்கே அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மனநலப் பணியாளர்தான் தர வேண்டும். அந்த அவகாச ஏற்பாட்டில் மொத்தம் பதிவாகிறவர்களில் மனநல நெருக்கடிப் பிரிவில் வருகிறவர்கள் சிறு பங்குதான் என்பதற்கு இந்தக் கெடுபிடியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கே ஊட்டியிலிருந்து கூடலூருக்கே சுமார் 50 கிலோமீட்டர், நாங்கள் அதற்கும் அப்பால். வழியில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். எங்கள் பக்கத்தில் பலர் வைத்தியத்துக்கு எல்லை தாண்டி கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குத்தான் போகிறார்கள். ஊட்டியில் உள்ள மனநல மருத்துவர் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்றால் அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தரும் சான்று செல்ல வேண்டும், கேரள அரசு ஆஸ்பத்திரிச் சீட்டும் செல்ல வேண்டும். விண்ணப்பத்தைக் கிராம சுகாதார செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரோ எடுத்துக்கொடுக்கலாம். வீடு வீடாகப் போவது அவர்கள்தானே.

தவணையை நிறுத்தச் சொல்லி நிறுவனத்துக்குப் போகும் நோட்டீசில் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் இருக்கட்டும். சென்டர் மீட்டிங்கில் பெயர் வாசிக்கிற ஊரில் நோயின் பெயர் வெளியே போனால், தங்கைக்கு வரன் தேடுவது வரை பாதிக்கும்.

இதை வைத்து ஏமாற்றுவார்கள் என்று நிறுவனங்கள் சொல்லும். ரெண்டு தவணை தப்பிக்க, தனக்குப் பைத்தியம் என்று ஊரைச் சொல்ல வைக்கும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

சட்டம் வரும் வரை கையில் இருப்பதையாவது பயன்படுத்தலாம். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டு வந்த மைக்ரோ ஃபைனான்ஸ் (சிறுகடன்) விதிகளில், திருப்பிக் கட்டச் சிரமப்படும் கடன்தாரர்களை அடையாளம் கண்டு அவர்களுடன் பேசி வழிகாட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் இப்படிப் படுத்தால், டாக்டர் சீட்டின் நகலோடு கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சொல் நிற்காது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. மனசு தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 14416 அல்லது 104க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

நீலகிரி ஆட்சியர் வங்கியாளர்களைக் கூட்டி நடத்தும் கூட்டத்துக்கு, இங்கே குழு லோன் தரும் தனியார் நிறுவனங்களையும் அழைத்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் அதே மேசையில் உட்கார வைக்கும்படி உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இருப்பவரின் தவணையை நிறுத்தி வைக்க அவர்கள் தாங்களாகவே ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழுக் கணக்காளர்,
சேரம்பாடி, நீலகிரி மாவட்டம்.