இயற்பியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு இயக்கவியல் எடுக்கும் ஆசிரியை நான். பிள்ளைகள் இயற்பியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையே முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புகிறவர்களிடம், "அதெல்லாம் கல்வியியல் துறையில் கேளுங்கள்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கமாக இருக்கிறது. அந்த ஆய்வு உங்கள் துறையிலேயே நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? இயக்கச் சமன்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகளிலும் பலர் சுழி என்பார்கள். மேலே போகும்வரை கை கொடுத்த விசை பந்துக்குள் இருந்து தள்ளுகிறது என்றும் சொல்வார்கள். இரண்டுமே தவறு: காற்றின் தடையை விட்டுவிட்டால், கையை விட்டு நீங்கிய பந்தின் மேல் இருப்பது கீழே இழுக்கும் புவியீர்ப்பு மட்டுமே; அது தரும் முடுக்கம் உச்சியிலும் மாறாது. இது கவனக்குறைவு அல்ல. பல நாட்டு வகுப்பறைகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும் பதில் இது. இந்த எண்ணம் எதில் வேர்விட்டிருக்கிறது, எந்தக் கேள்வி அதை அசைக்கும் என்று கண்டறிய இயற்பியலை ஆழமாகக் கற்றவர் வேண்டும். கல்வியியல் துறையினரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

அமெரிக்காவில் இந்தப் புலம் வளர்ந்ததே இயற்பியல் துறைகளுக்குள்தான். லில்லியன் மெக்டெர்மாட் 1970களில் வாஷிங்டன் பல்கலைக்கழக இயற்பியல் துறையிலேயே ஆய்வுக்குழுவை உருவாக்கினார். 1992-இல் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் கணக்கே போட வேண்டாம். இத்தகைய சோதனைகளை எழுதிய 6,542 மாணவர்களின் முடிவுகளை ரிச்சர்ட் ஹேக் 1998-இல் அலசினார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையே எட்டிப்பிடித்திருந்தன. பேசி, விவாதித்து, செய்து பார்த்துக் கற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டை எட்டின. விரிவுரையையே நம்பி வகுப்பெடுக்கும் எவரையும் அந்த எண்கள் சும்மா விடாது.

மறு ஆண்டே அமெரிக்க இயற்பியல் கழகம், இத்தகைய ஆய்வை இயற்பியல் துறைகள் ஏற்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. இந்தியாவிலும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கமாக மும்பையில் 1974-இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அறிவியல் கல்வியில் முனைவர் பட்டம் பெறலாம்.

நமக்கு அதைவிட அவசரமான காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் நியூட்டனைச் சந்திக்கிற பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்பதை அமெரிக்க வகுப்பறை ஆய்வு எதுவும் நமக்குச் சொல்லாது. அதை இங்கிருப்பவர்கள்தான் ஆராய வேண்டும்.

வரும் ஆண்டின் முனைவர் பட்டச் சேர்க்கை அறிவிப்பில், திண்மநிலை இயற்பியலுக்கும் அணுக்கருவியலுக்கும் பக்கத்தில் இயற்பியல் கல்வி ஆய்வையும் ஒரு பிரிவாகச் சேருங்கள். ஒரு நெறியாளர், ஓர் இடம் போதும். ஆய்வுக்கு வேண்டிய வகுப்பறைகளைத் திறந்துவிட எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை