ஞாயிறு: தேரூர் குளம், சுசீந்திரம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். காலை 5.45-க்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூடுகிறோம். 6 மணிக்கு வேன் கிளம்பிவிடும்.

முதலில் பறவை பார்க்கக் குளம், பிறகுதான் கோயில். இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம். வெயில் ஏறினால் பறவைகள் கரையை விட்டு நடுத்தண்ணிக்குப் போய்விடும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நில்லுங்கள்; எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கைநடுக்கத்தில் படம் நிற்காது. சிவப்பு, வெள்ளைச் சட்டை தவிருங்கள். வரப்பில் நடக்கும்போது நாற்றை மிதிக்காதீர்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த நீர்நிலை இது. ஒரு பிளாஸ்டிக் கவர்கூட அங்கே விழக்கூடாது. கவிமணி பிறந்த ஊரும் தேரூர்தான்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு 9 மணிக்குள் போய்விட வேண்டும். பிந்தினால் உச்சிக்கு நடை சாத்துவதற்குள் பிரகாரச் சிற்பங்களை ஓட்டமாகத்தான் பார்க்க முடியும். ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும், வேட்டியே வசதி. உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. அலங்கார மண்டபத்தில், தட்டினால் ஒலிக்கும் இசைத்தூண்கள் ஒவ்வொரு தொகுதியும் ஒரே கல்லில் செதுக்கியவை. தட்டித் தட்டித் தேய வைக்காதீர்கள், கண்ணால் பார்த்தாலே பிரமிப்புதான். 18 அடி ஆஞ்சநேயரை நிதானமாகத் தரிசிக்கலாம்.

தண்ணீர், தொப்பி அவசியம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.