பிராக் போகும் மாணவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். வார இறுதியில் நண்பர்களோடு ரயிலேறி செக் குடியரசின் தலைநகர் பிராக் போய் வந்தேன். அங்கே 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் மணியடிக்கும்போது இரண்டு சன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வருகின்றன. கீழே எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுக்கிறது. அண்ணாந்தபடியே நின்றுவிட்டோம். சார்லஸ் பாலத்துக்கு மட்டும் விடியற்காலையில் போய்விட வேண்டும், அப்புறம் கூட்டம் தாங்காது.

செலவுக்கு யூரோ அல்ல, செக் நாணயமான கொருனா. அதைவிட முக்கியம், பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் ஒப்பந்த ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லைச் சோதனையே கிடையாது என்று நம்பி, போனில் படம் மட்டும் வைத்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள். ஜெர்மனி எல்லையில் ரயிலுக்குள்ளேயே போலீஸ் கேட்கிறது, எங்களிடமும் கேட்டார்கள். வெளிநாட்டுப் படிப்பு பற்றி எழுதும்போது இதையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

— ஒரு மாணவி, டிரெஸ்டன்